கேட்டடிப் பாட்டு

பரிட்சை என்னவோ மூணு மணி நேரம்தான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த மூணு மணி நேரம் கேட்டுக்கு உள்ளே மூணு மணி நேரமாகவும் கேட்டுக்கு வெளியே மூணு வருசமாகவும் நடந்தது, அவ்வளவுதான் சங்கதி. அதுக்குக் கேட்டைக் குத்தம் சொல்ல முடியாது, கடிகாரத்தைக் குத்தம் சொல்ல முடியாது, வேண்டுமென்றால் சித்திரை வெயிலைச் சொல்லலாம், என்ன சொன்னாலும் அது வாயைத் திறந்து மறுக்கப் போவதில்லை.

நாலுவழிச் சாலை ஓரத்தில் சீமைக்கருவேலங்காட்டை அழித்து யாரோ ஒரு புண்ணியவான் இஞ்சினியரிங் காலேஜ் கட்டி, சேர ஆள் வராமல் பூட்டிப் போட்டிருந்தார். வருசத்துக்கு ஒரு நாள் டாக்டர் பரிட்சைக்கு மட்டும் அதன் கேட்டைத் திறப்பார்கள். அந்த நாளில்தான் ஆவரங்குளம் சீனியம்மாள், தன் மகள் நாகஜோதியைக் கூட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறி அங்கே வந்து இறங்கினாள். சீனியம்மாளுக்கு ஊரில் இட்லி வியாபாரம். விடிகாலை நாலு மணிக்குக் கிரைண்டர் ஓடும், அந்தச் சத்தத்தோடு சத்தமாக மகளையும் எழுப்பிப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார வைப்பாள், பிள்ளை கொட்டாவி விட வாயைத் திறந்தால் செம்புத் தண்ணீர் முகத்துக்கு வரும். பன்னிரண்டாவதில் ஒரு வருசம், அப்புறம் சீட்டுக் கிடைக்காமல் கோச்சிங்கில் ரெண்டு வருசம், ஆக மூணு வருசம் அந்த வீட்டில் யாரும் சேவலுக்குப் பிந்தி எழுந்ததில்லை. போன தடவை சீட்டு கைநழுவிப் போனது ஒரே ஒரு கேள்வியில்.

கேட்டில் சோதனை என்றால் சோதனை, அப்படி ஒரு சோதனை. காதில் கிடந்ததைக் கழற்று, காலில் கிடந்ததைக் கழற்று, தலைப்பின்னை உருவு, தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருக்கிற காகிதத்தைக் கிழி என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். முழுக்கை சட்டையில் வந்த ஒரு பையனுக்கு அவன் தாய்மாமன் வெத்திலை நறுக்குகிற கத்தரியால் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே வெட்டிவிட்டார், பையன் புது அறுவடை முடிந்த வயல் மாதிரி உள்ளே போனான். நாகஜோதி அவிழ்ந்த தலையோடு திரும்பிப் பார்த்தாள். சீனியம்மாள் கடைசியாக மகளுக்குச் சொன்னது, தூக்கம் வந்தால் பாட்டில் தண்ணியை முகத்தில் அடிச்சுக்கோ என்பதுதான்.

ஐந்து மணிக்கு மணி அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. வாட்ச்மேன் இருளப்பன் கேட்டுக் கம்பி வழியாகப் போர்டிகோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு தாண்டி ஒரு முள் கூட நகரவில்லை ஐயா என்றார். ஆறானது, எட்டானது, விடிந்தது, பெற்றவர்கள் சேர்ந்து கூப்பாடு போட்டார்கள், போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர், நான் போய் என்னன்னு பாத்துட்டு வாரேன், ஜீப்பை ஆப் பண்ண வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். கேட்டைத் தாண்டியதும் மனுசன் நட்டு வைத்த சிலை மாதிரி ஆகிவிட்டார். உற்றுப் பார்த்தால் நகர்வது தெரியும், காலையில் தூக்கிய காலை மத்தியானம்தான் ஊன்றினார். போர்டிகோ ஏறி, ஹாலை எட்டிப் பார்த்து, மேற்பார்வை டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசித் திரும்பி அவர் வெளியே வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. வந்தவர் ஜீப்பைக் காணாமல் டிரைவரை ஏசினார். டிரைவர் மாற்றலாகிப் போயிருந்தான், ஸ்டேஷனில் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், சம்சாரம் இரண்டு கோயிலுக்கு முடி இறக்கியிருந்தது. அவரோ, உள்ளே எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது, பிள்ளைக எழுதுதுக, பத்து நிமிசத்துக்குள்ள ஏன் இந்த ஆர்ப்பாட்டம், வேணும்னா டியூப்லைட்டைப் பாருங்க, வெளிச்சம் விட்டு விட்டு மினுக்குது, அப்புறம் கொசுத் தொல்லை தாங்கலை, காதுக்குள்ள ஙொய்யினு ஒரே சத்தம் என்றார்.

மினுக்கினது பகலும் ராத்திரியும், ஙொய் என்றது தாங்கள் போட்ட கூப்பாடு என்று மற்றவர்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. உள்ளே ஒரு மணி, வெளியே ஒரு வருசம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் தெய்வேந்திரன் சார். பரமக்குடிப் பக்கம் கணக்கு வாத்தியார், அவர் மகன் நாகஜோதிக்குப் பக்கத்து பெஞ்சு. காரணம் தேடி ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், கருவியை வைத்துப் பார்த்தார்கள், சீனியம்மாளிடம் இட்லி தின்றார்கள், சட்னி நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேலிடத்தில் கேட்டதற்கு, பிள்ளைகள் எப்போது முடித்தாலும் அந்தத் தாள் செல்லும், நடுவில் யாராவது உள்ளே புகுந்து கலைத்தால் செல்லாது என்று பதில் வந்தது. அதற்குமேல் யார் உள்ளே போவார்கள்? சரி, மூணு வருசம்தானே, பிள்ளையைக் கோச்சிங்கில் போட்டதாக நினைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்கார்ந்தால் அடுப்பு வேண்டும், அடுப்பு இருந்தால் கூரை வேண்டும், கூரை இருந்தால் அடுத்த கூரையோடு சண்டை வேண்டும், இப்படியே ஒரு ஊருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் வந்து சேர்ந்தது. பஸ்காரர்கள் கேட்டடி என்று ஒரு ஸ்டாப்பிங் போட்டார்கள். சீனியம்மாள் ஊரிலிருந்து கிரைண்டரை வரவழைத்தாள், லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருசன் பரமன் அதை இறக்கி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து போனான். இன்னொரு குடும்பத்தில், உள்ளே அண்ணன் பரிட்சை எழுதிக்கொண்டிருக்க வெளியே தங்கச்சி பிறந்தாள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், நாங்கள் வந்தால் மணியை முன்னாடியே அடிப்போம் என்றார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் பரிட்சையையே ஒழிப்போம் என்றார்கள், கேட்டடிக்காரர்கள் இரண்டு பேரிடமும் போர்வெல் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஹால் ரோட்டைப் பார்த்த ஹால், பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல். காம்பவுண்டுச் சுவரில் ஏணி சாத்தி, வியாபாரம் முடிந்ததும் ஆளாளுக்கு ஏறிப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். தெய்வேந்திரன் சார் ஒரு பைனாகுலர் வாங்கினார், அதில் பார்த்தால் கேள்வித்தாளின் எழுத்தே தெரியும். விடைத்தாளில் கேள்விக்கு நாலு வட்டம், அதில் ஒரு பிள்ளை ஒரு வட்டத்தைக் கறுக்கி முடிக்க ஒரு பகல் ஆகும். காலையில் பேனா முனை வட்டத்தைத் தொட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் வீட்டார் வேலைக்குப் போக மாட்டார்கள்.

அந்த வருசம் புரட்டாசியில் மற்ற ஊர்களில் எழுதினவர்களுக்கு ரிசல்ட் வந்து, எந்தக் கேள்விக்கு எது சரி என்ற விடைப் பட்டியலும் வெளியே வந்தது. அதிலிருந்துதான் பிடித்தது சனி. அதுவரை வட்டம் கறுத்தால் போதும் என்று கேசரி கிண்டிக் கொடுத்தவர்கள், இப்போது எந்த வட்டம் சரி, எந்த வட்டம் தப்பு என்று தெரிந்துகொண்டு ஏணியில் நின்றார்கள். சரிக்கு நாலு மார்க், தப்புக்கு ஒரு மார்க் பிடித்துவிடுவார்கள். தப்பு வட்டத்தை நோக்கிப் பேனா இறங்குவதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, எதிரிக்கும் அது வரக் கூடாது. அப்படியே ஒரு வருசம் நின்றார்கள். பரமக்குடி சார் ஒரு தடவை பைனாகுலரைக் கழற்றி எறிந்துவிட்டு, மூணுடா, மூணுடா மூதேவி என்று சுவரில் முட்டிக்கொண்டார். உள்ளே அவர் மகன் காதோரம் மெல்லக் கையை வீசினான், கொசு.

மறு வருசம் தையில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது ரேடியோ செட்டுக்காரன் குடித்துவிட்டுச் சாவியோடு போய்விட்டான், குழாய் ஒலிபெருக்கி ஊஊ என்று ஒரே சத்தத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நிற்காமல் ஊளையிட்டது. மூன்றாம் நாள் காலை ஏணியில் ஏறிய சீனியம்மாள் கீழே பார்த்து, எல்லாப் பிள்ளைகளும் நம்ம பக்கம் திரும்பியிருக்குதுக என்றாள். நீட்டிப் பாடினால் பிள்ளைகளுக்குக் கேட்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

தூத்துக்குடிப் பக்கம் சர்ச்சில் பாட்டுக்குழு நடத்துகிற ஜெசிந்தா டீச்சர் மகனும் உள்ளே இருந்தான். ஒரு ஆள் மூச்சு முடியுமுன் அடுத்த ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், சுருதி இறங்கக் கூடாது, இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்த வேண்டும் என்று ஊரையே வரிசையாக உட்கார வைத்து அவர் பழக்கினார். இது காப்பியடிக்கிறது ஆகாதா என்று ஒரு பேச்சு எழும்பியது. சோதனை பண்ணி அனுப்பினப்போ வீட்டுப் பேனா, பேப்பர், வாட்ச் எல்லாம் கூடாதுன்னாங்க, பாட்டுக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே என்றார் இருளப்பன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் பாட்டு தெய்வேந்திரன் சார் மகனுக்கு. 'ரெண்டு' என்ற ஒரு வார்த்தையைச் சூரியன் உதித்ததிலிருந்து அடையும்வரை பாடினார்கள். பையன் கேட்டான், இரண்டைக் கறுக்கினான். கூடவே ஏழெட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு வேறு கேள்வி, வேறு விடை, அவர்களும் இரண்டையே கறுக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் நடந்த சண்டையில் மூன்று ஏணி முறிந்தது. இனிமேல் பேரைச் சொல்லித்தான் பாட வேண்டும் என்று முடிவானது. அப்போதுதான் பெற்றவர்கள் தாங்கள் வைத்த பேரை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். சார் தன் மகனுக்கு லோகேஸ்வரபாண்டியன் என்று வைத்திருந்தார், அதைப் பாடி முடிப்பதற்குள் பையன் அடுத்த பக்கத்துக்கே போய்விடுவான். கொஞ்சமாவது யோசிச்சு வச்சிருக்கலாம் சார் என்று ஒரு தாய் சொன்னதற்கு, குலதெய்வத்துப் பேரும்மா, நான் என்ன செய்ய என்று அவர் முனகினார்.

எல்லோருக்கும் தொண்டை கட்டியது, சுக்குக் கசாயம் அண்டாவில் கொதித்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பாட்டுத்தான், அதற்குமேல் ஊர்த் தொண்டை தாங்காது என்று குலுக்கல் போட்டார்கள். சீனியம்மாளுக்குக் கடைசியில் விழுந்தது. அவள் அதைப் பொன்னைப் போலப் பொத்தி வைத்திருந்தாள். சார் கணக்குப்படி நாகஜோதி டாக்டர் சீட்டுக்கு வாசப்படியில் நிற்கிறாள், இன்னும் ஒரே ஒரு கேள்வி சரியாகப் போட்டால் உள்ளே. எந்தக் கேள்வியில் திணறுகிறாளோ அந்த நாளில் பாட்டை விட வேண்டும்.

மூன்றாம் வருசம் ஆவணியில் அந்த நாள் வந்தது. இதயத்தைப் பற்றி ஒரு கேள்வி, நாகஜோதியின் பேனா அதன் மேலே கழுகு மாதிரி வட்டமிட்டு ஒரு வாரமாக இறங்கவே இல்லை. விடை மூணு என்று சார் பார்த்துச் சொன்னார். நாளைக் காலை பாடலாம் என்று ஜெசிந்தா டீச்சர் ஆட்களைக் கூட்டினார்.

மறுநாள் சீனியம்மாள் இட்லியை இறக்கி வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். ஏறின நேரம் நாகஜோதி கொட்டாவிக்கு வாயைத் திறக்க ஆரம்பித்திருந்தாள். எட்டு மணிக்கு உதடு பிரிந்தது, பத்து மணி பஸ் வரும்போது கடைவாய்ப்பல் தெரிந்தது, உச்சிவெயிலில் முழு வாயும் திறந்து, கண் இடுங்கி, மூக்கு சுருங்கிப் பிள்ளை அப்படியே இருந்தாள். பாட வந்தவர்கள் பாட்டை மறந்து வேடிக்கை பார்த்தார்கள், பார்த்த ஒவ்வொருவருக்கும் கொட்டாவி வந்தது, ரோட்டில் போன லாரிக்காரனுக்கும் வந்தது. பொழுது சாயும்போது வாய் மூடியது. கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டது, அது கன்னத்தில் இறங்கி முடிக்க மறுநாள் ஆனது. சீனியம்மாள் அந்தச் சொட்டு இறங்கி முடிகிறவரை ஏணியை விட்டு இறங்கவில்லை. அன்றைக்கு இட்லிமாவு புளித்துப் பொங்கி வழிந்தது.

இறங்கி வந்தவளைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"நேத்து ஒரு நாள் கொட்டாவியிலயே போச்சு தாயி" என்றார் சார். "இன்னைக்கு விடக் கூடாது. 'நாகு, மூணு'. சின்னப் பேரு, மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"மூணு வேண்டாம் சார். தூங்குன்னு பாடச் சொல்லுங்க."

ஜெசிந்தா டீச்சர் கசாய டம்ளரைக் கீழே வைத்தார். சாருக்குப் புரியவில்லை, எந்தக் கேள்விக்குத் தூங்கு என்று விடை இருக்கிறது என்று தேடுகிறவர் போல அவளைப் பார்த்தார்.

"பரிட்சை ஹால்ல உக்காந்திருக்கிற பிள்ளையைத் தூங்கச் சொல்ற தாயை நான் பாத்ததே இல்லம்மா."

"நானும் பாத்ததில்ல சார். நாலு மணிக்கு எழுப்பிவிடுற தாய்களைத்தான் பாத்திருக்கேன், நானே அதுலதான் சேத்தி."

"ஒரே ஒரு கேள்வி. போன தடவையும் ஒரே கேள்வியிலதான் போச்சு. வெளிய வந்து அந்தப் பிள்ளை, அம்மா உனக்கு விடை தெரிஞ்சும் சொல்லலையேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

சார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டுக்காகச் சீனியம்மாள் மூணு வருசம் மாவாட்டினாள், இங்கே வந்து மூணாவது வருசமாக ஆட்டுகிறாள், மகள் கழுத்தில் டாக்டர் குழாய் தொங்குவதை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு ஈடு இட்லியையும் ஊற்றினாள்.

"ஏசுவா, ஏசட்டும்" என்றாள். "ஆனா சார், வீட்ல அவ கொட்டாவி விட்டு நான் முழுசாப் பாத்ததில்ல. வாயைத் திறந்தா தண்ணியை ஊத்திருவேன். பிள்ளை முகத்தை உக்காந்து பாக்க எனக்கு எங்க நேரம் இருந்துச்சு? இங்க வந்துதான் பாக்கேன். கண்ணுக்குக் கீழ கரிச்சட்டி அடி மாதிரி கறுத்துக் கிடக்கு. கொட்டாவி விடும்போது அப்படியே அவ அப்பன் சாடை. அது கூட எனக்குத் தெரியாது சார்."

"நாகு, தூங்கு" என்று ஜெசிந்தா டீச்சர் மெதுவாக முனகிப் பார்த்தார். "பாட்டுக்கு நல்லா உக்காருதுக்கா."

குலுக்கலில் விழுந்தது அவள் பாட்டு, அவள் இஷ்டம் என்று பாட உட்கார்ந்தார்கள். ஆனாலும் வேண்டாவெறுப்பாகத்தான், மார்க்கைக் கொண்டுபோய்க் கிணற்றில் போடுகிறவர்கள் எப்படிப் பாடுவார்களோ அப்படித்தான் ஆரம்பித்தார்கள். 'நா' பிடித்து 'கு'வில் விட்டு, 'தூ'வுக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. 'தூ' என்ற எழுத்து நீட்ட நீட்ட நீளுகிற எழுத்து, வரிசையில் கைமாறிக் கைமாறிப் போகப் போக அதிலிருந்த வெறுப்பெல்லாம் தேய்ந்து, பாடினவர்களுக்கே கண் சொக்கியது, இரண்டு பேர் பாடிக்கொண்டே சரிந்தார்கள், அவர்கள் விட்ட இடத்தை அடுத்தவர்கள் பிடித்தார்கள். பொழுது அடைகிற நேரம் 'ங்கு' என்று இறக்கி வைத்தார்கள்.

மறுநாள் நாகஜோதி பேனாவைக் கீழே வைத்தாள். தாளை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். அதற்கடுத்த நாள் பகல் முழுக்க அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மடக்கின கையின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டது. கண் மூடியது. சீனியம்மாள் ஏணியிலிருந்து இறங்கி நேரே போய்க் கிரைண்டரை நிறுத்தினாள். உள்ளே இது கொசுச் சத்தமாத்தானே கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். கொசுன்னா அவளுக்கு ஆகவே ஆகாது, சட்டுனு முழிச்சுக்கிருவா என்றாள். அன்றையிலிருந்து கேட்டடியில் சத்தமாகப் பேசுவது நின்றது. டீக்கடையில் கிளாசைத் துணி சுற்றிக் கழுவினார்கள், பஸ்காரன் ஹாரன் அடிக்காமல் சன்னல் வழியாகக் கையை ஆட்டினான், சண்டைக்காரர்கள் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திட்டிவிட்டு வந்தார்கள். இட்லி இல்லாமல் ஊர் இரண்டு மாசம் பழையது தின்றது.

நடுவில் ஒரு பயம் வந்தது. மேற்பார்வை டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து நாகஜோதி பெஞ்சுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். எழுப்பிவிடுவார், எழுப்பிவிடுவார் என்று ஏணிகளெல்லாம் நிறைந்தன. இரண்டு நாள் நடந்து பெஞ்சுக்கு வந்தார், ஒரு பகல் நின்று பார்த்தார், மறுநாள் கையை நீட்டினார். சீனியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீண்ட கை பிள்ளையின் தோளுக்குப் போகவில்லை, அவள் முழங்கை பட்டுச் சரிய இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தள்ளி வைத்தது. அப்புறம் டீச்சர் திரும்பித் தன் நாற்காலிக்கே நடக்கத் தொடங்கினார்.

அதைப் பார்த்துவிட்டு ஏணியிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள், தெய்வேந்திரன் சார் மட்டும் இறங்கவில்லை. பைனாகுலரை அவர் மகன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பையன் தன் தாளைப் பார்க்கவில்லை. தூங்குகிற நாகஜோதியையே பார்த்துக்கொண்டிருந்தான், பசித்தவன் அடுத்த இலையைப் பார்ப்பதுபோல.

சார் இறங்கி வந்து ஜெசிந்தா டீச்சர் முன்னால் நின்றார். பைனாகுலரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"என் பாட்டு முடிஞ்சிருச்சு, தெரியும்" என்றார், ரகசியம் பேசுகிற குரலில். "ஆனாலும் அந்தத் தூங்குங்கிறதை இன்னொரு தடவை பாட முடியுமா டீச்சர்?"

"உங்க மகன் பேரைப் பாட யாருக்கு சார் இங்க தொண்டை இருக்கு?"

"பேர் வேண்டாம்."

"பேர் சொல்லலைன்னா எல்லாப் பிள்ளைகளும்ல தூங்கிரும்."

"ஆமா" என்றார் சார். "அதுக்குத்தான் கேக்கேன்."

சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் அண்டாவில் கசாயம் மொண்டு குடித்துவிட்டு வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். கணக்கு வாத்தியாருக்கு வரிசையில் எந்த இடம் என்று தெரியவில்லை, இத்தனை நாளும் அவர் விடை சொன்னாரே தவிரப் பாடினதில்லை. சீனியம்மாள் சேலையை இழுத்து மடக்கிக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.